ஜப்பானை மன்னித்த ஜே.ஆரும் சீனன்குடாவின் எண்ணெய்க்குதங்களும்

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. கொழும்பு நான்கு நாட்களுக்கு முன்னர், ஈஸ்டர் ஞாயிறன்று தாக்கப்பட்டிருந்தது. திருகோணமலையை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. சீனன்குடாவில் ஓர் எண்ணெய்க்குதத்தின் மீது ஜப்பானிய விமானம் விழுந்ததாகவும், தீ நாட்கணக்கில் எரிந்ததாகவும் ஊரில் இன்றும் சொல்வார்கள்.

இந்தத் தாக்குதலுக்காக ஜப்பானிடம் இழப்பீடு எதுவும் வேண்டாம் என்று ஒன்பது ஆண்டுகளின் பின் உலக மேடையில் அறிவித்தவர் ஜூனியஸ் ரிச்சர்ட் ஜெயவர்த்தன.

1906 செப்டெம்பர் 17 அன்று கொழும்பில் பிறந்தவர் அவர். தந்தை உயர்நீதிமன்ற நீதியரசர். பதினொரு பிள்ளைகளில் மூத்தவரான ஜே.ஆர். றோயல் கல்லூரியிலும் சட்டக்கல்லூரியிலும் படித்தார், அங்கிலிக்கன் கிறிஸ்தவத்தை விட்டுப் பௌத்தரானார், இலங்கைத் தேசிய காங்கிரஸில் சேர்ந்தார். யுத்த காலத்தில் அவரும் டட்லி சேனநாயக்கவும் பிரித்தானியரை வெளியேற்ற ஜப்பானியரோடு தொடர்பு கொள்ள முயன்றதாக அவரைப் பற்றிய நூல்கள் கூறுகின்றன. 1943இல் களனி இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். மறு ஆண்டே சிங்களத்தை அரச கரும மொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தார். தமிழையும் சேர்க்கும்படி திருத்தம் முன்வைத்தவர் திருகோணமலை - மட்டக்களப்பு உறுப்பினர் நல்லையா. ஜே.ஆர். அதை ஏற்றுக்கொண்டார். அந்த இணக்கத்தை அவரே பின்னாளில் நினைவில் வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

ஜப்பானின் இராணுவவாத ஆட்சி 1945இல் வீழ்ந்தது. அதன் பின் அந்த நாட்டை என்ன செய்வது என்பதை முடிவெடுக்க 1951 செப்டெம்பரில் சன்பிரான்சிஸ்கோவில் மாநாடு கூடியது. பிலிப்பைன்ஸும் இந்தோனேசியாவும் நட்டஈடு கேட்டன. ஜப்பானின் சுதந்திரத்துக்குக் கட்டுப்பாடுகள் வேண்டும் என்றது சோவியத் ஒன்றியம். இந்தியா மாநாட்டுக்கே வரவில்லை. பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர்., செப்டெம்பர் 6 அன்று பேசினார். விமானத் தாக்குதல்களாலும், நேச நாட்டுப் படைகளுக்காக இறப்பர் மரங்களை அளவுமீறிச் சுரண்டியதாலும் ஏற்பட்ட சேதத்தைச் சொல்லி, அதற்கு ஈடு கேட்கும் உரிமையைக் கைவிடுவதாக அறிவித்தார். பகையால் பகை தணியாது என்ற புத்தரின் போதனையை ஆதாரமாகக் காட்டினார்.

அந்த உரையில் கருணை இருந்தது. கணக்கும் இருந்தது. ஐ.நா.வில் இலங்கை சேர்வதை 1948இலேயே வீட்டோவால் தடுத்தது சோவியத். ஆகவே சோவியத்தை எதிர்த்து அமெரிக்காவின் பக்கம் நிற்பது கொழும்புக்கு இயல்பான தெரிவு. மன்னிப்பதற்கு இலங்கைக்குப் பெரிய விலையும் இருக்கவில்லை. ஜப்பானியர் இங்கே கால் பதிக்கவே இல்லை. சயாம் - பர்மா இரயில் பாதையில் பல்லாயிரக்கணக்கான மலாயாத் தமிழ்த் தொழிலாளர் செத்தார்கள். மலாயாவில் கிளாக்கர் வேலைக்கும் றெயில்வேக்கும் போன யாழ்ப்பாணக் குடும்பங்களும் அந்த ஆக்கிரமிப்பை அனுபவித்தன. மலாயா அப்போது பிரித்தானியக் குடியேற்றம் என்பதால் அவர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி இருக்கவில்லை. யாருடைய காயத்தை யார் மன்னிப்பது என்ற கேள்வி நமக்குப் புதியதல்ல.

ஜப்பான் அந்த உதவியை மறக்கவில்லை. ரூபவாஹினித் தொலைக்காட்சி நிலையமும் ஜயவர்தனபுர வைத்தியசாலையும் ஜப்பானின் அன்பளிப்புகள். குண்டு விழுந்த சீனன்குடாவிலேயே, 1982இல் ஜப்பானியக் கூட்டு முதலீட்டில் தொடங்கிய டோக்கியோ சீமெந்தின் ஆலை எழுந்தது.

உள்நாட்டில் ஜே.ஆர். வேறு ஆள். 1957இல் பண்டா - செல்வா ஒப்பந்தத்துக்கு எதிராகக் கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டார். 1977இல் ஆறில் ஐந்து பெரும்பான்மையுடன் ஆட்சியைப் பிடித்து, 1978இல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியானார். 1979இல் பயங்கரவாதத் தடைச்சட்டம். 1982 டிசெம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக சர்வசன வாக்கெடுப்பு வைத்து நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான். ஆனால் ஜப்பானில் எதன் வீழ்ச்சிக்குப் பின் தாராளம் காட்டினாரோ, அதன் சாயலை இங்கே தானே கட்டிக்கொண்டிருந்தார் என்று சொல்வது மிகையாகாது.

1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. திருகோணமலையில் கடற்படையினரே தமிழர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் தீ வைத்தார்கள். நான்கு நாட்கள் வாய் திறக்காத ஜனாதிபதி, ஜூலை 28 அன்று தொலைக்காட்சியில் தோன்றினார். செத்தவர்களுக்காக ஓர் அனுதாப வார்த்தையும் இல்லை. நடந்தவற்றைச் சிங்கள மக்களின் எதிர்வினையாகவே விளக்கினார். புத்தரின் அந்தப் போதனை அன்று அவர் நினைவுக்கு வரவில்லை.

சீனன்குடா மறுபடி அவர் மேசைக்கு வந்தது 1987இல். ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது கடிதங்களும் பரிமாறப்பட்டன. திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடுவதில்லை, எண்ணெய்க்குதங்களை இரு நாடுகளும் சேர்ந்து புனரமைத்து இயக்குவது என்பவை அவற்றில் இருந்தன. தமிழருக்கென எழுதப்பட்ட பகுதிக்கு நேர்ந்தது வேறு: கிழக்கில் நடக்கவேண்டிய வாக்கெடுப்பு நடக்கவேயில்லை, தற்காலிக இணைப்பை 2006இல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. குதங்கள் பற்றிய பகுதி மட்டும் உயிரோடு இருந்தது. 2003இல் லங்கா ஐ.ஓ.சி. வந்தது. 2022 ஜனவரியில் எஞ்சிய 99 குதங்களும் பங்கிடப்பட்டன: ஐ.ஓ.சி.க்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டு நிறுவனத்துக்கு 61.

1989 ஜனவரியில் பதவி விலகிய ஜே.ஆர்., 1996 நவம்பர் 1 அன்று தனது 90ஆவது வயதில் காலமானார். அவருக்கு ஜப்பானின் கமகுராவில், பெரிய புத்தர் சிலை இருக்கும் கோயில் வளவில், நினைவுக்கல் இருக்கிறது. அவர் கண்ணின் விழிவெண்படலமும் அவர் விருப்பப்படி ஜப்பானுக்கே அனுப்பப்பட்டது.