சொற்கடலை அளந்த வையாபுரிப் பிள்ளை

சாரல் காலம் வந்துவிட்டால் பண்பொழி வீடுகளில் ஒரு சொல் தவறாமல் காதில் விழும். சுவர் ஓதம் காத்திருக்கிறது என்பார்கள். நெல் மூட்டையை வெறுந்தரையில் போட்டால் ஓதம் ஏறிவிடும் என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள்.

திருமலைக் குமரன் குன்றின் உச்சியில் ஏறி நின்றாலும் அங்கிருந்து கடல் தெரியாது. ஆனால் ஓதம் என்பது கடலுக்கும் உரிய சொல். நாள்தோறும் கடல்நீர் கரையேறி வற்றுகிறதே, அதற்கும் அதுவே பெயர். வெள்ளம், அலை, கடல் என்ற பொருள்களிலும் அது வழங்கியிருக்கிறது.

சுவரின் ஈரத்தையும் கடலின் பெருக்கையும் ஒரே சொல் சுமக்கும்போது, எந்தப் பொருளை முதலில் வைப்பது? எதற்கு எந்த நூலை ஆதாரம் காட்டுவது? இத்தகைய கேள்விகளோடு பத்து ஆண்டுகள் வாழ்ந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை.

1891-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி நெல்லைச் சீமையில், சிக்கநரசையன் கிராமத்தில் பிறந்தார். நெல்லையிலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பு. பிறகு சட்டம் பயின்று, திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வக்கீல் தொழில் நடத்தினார்.

செங்கோட்டைக்கு மேற்கே கணவாயைத் தாண்டினால் மலையாள நாடு. கடல் ஏறுவதை அங்கே வேலியேற்றம் என்றும், இறங்குவதை வேலியிறக்கம் என்றும் சொல்கிறார்கள். நம் பழம்பாட்டுக்களில் வேலை என்றால் கடல். இன்று நாம் பார்க்கும் வேலையோ பிழைப்புக்கானது! எழுத்தில் ஒன்றானாலும் இவை இரண்டும் வேறு சொற்கள். ஓதமோ ஒரே சொல், பொருள்தான் பல. இந்த வேற்றுமையைப் பிரித்துக் காட்டுவதே அகராதிக்காரரின் தொழில்.

அந்தத் தொழில் 1926-இல் பிள்ளையவர்களைத் தேடி வந்தது. சென்னைப் பல்கலைக் கழகத்தின் தமிழ் லெக்ஸிகன் வேலை 1913-இல் சாந்த்லர் பாதிரியாரின் தலைமையில் தொடங்கியிருந்தது. பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்ற பிள்ளையவர்கள், பண்டிதர்களின் துணையோடு 1936-இல் அதை நிறைவேற்றினார். ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்கள். பின்னர் வந்த அனுபந்தத்தில் மேலும் 13,357.

சந்திரனும் சூரியனும் இழுப்பதால் கடல் பொங்குகிறது. நம் கரைகளில் ஏறத்தாழ 24 மணி 50 நிமிஷத்தில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் நீர் 10 மீட்டர் வரை உயரும். தூத்துக்குடியிலோ சுமார் 1 மீட்டர்தான். அது சத்தமின்றிக் கழியில் புகுந்து, மண்ணை நனைத்துத் திரும்பும். ஈரத்தைக் குறிக்கும் சொல்லே அதற்கும் பொருந்தியதில் வியப்பில்லை.

ஒரு பொருளை ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அதற்குச் சாட்சி வேண்டும். இது கோர்ட்டுக்கும் பொருந்தும், அகராதிக்கும் பொருந்தும். இதே முறையைப் பிள்ளையவர்கள் இலக்கிய வரலாற்றிலும் கையாண்டார். அங்கேதான் புயல் கிளம்பியது. தொல்காப்பியம் முதலிய நூல்களுக்கு அவர் குறித்த காலம் மிகவும் பிந்தியது என்று புலவர்கள் பலர் கொதித்தார்கள். தமிழின் பெருமையைக் குறைக்கிறார் என்ற பழியும் வந்தது. அவருடைய முடிவுகளில் பலவற்றை இன்றும் அறிஞர் பலர் ஏற்பதில்லை. ஆனால் கைதட்டலுக்காக அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

1936 முதல் 1946 வரை சென்னைப் பல்கலைக் கழகத் தமிழ்த் துறையின் தலைவராக இருந்தார். சங்கப் பாடல்களைப் புலவர் வரிசையில் தொகுத்து 1940-இல் வெளிவந்த பதிப்பு அவர் உழைப்பின் பயன். 1956 பிப்ரவரி 17-இல் மறைந்தார்.

அவர் சேர்த்த நூல்கள் இன்று கொல்கத்தா தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அந்த நகரத்து ஹூக்ளி நதியில் வங்கக் கடலின் ஓதம் நாள்தோறும் ஏறி இறங்குகிறது.

லெக்ஸிகன் முடிந்துவிட்டது, சொற்கள் முடியவில்லை. நீர் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் பரதவர் குப்பங்களில் வழங்கும் சொற்கள் எத்தனையோ. சொல்லும் கிழவர்கள் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சாட்சி போய்விட்டால் வழக்கு நிற்காது.