அசல் குறையாமல்: எத்தோரே புகாட்டியும் அவருடைய ஆறு கார்களும்

நம் குடியிருப்பில் பிள்ளைகளிடம் புகாட்டி என்றால் உடனே மணிக்கு 400 கிலோமீட்டர் வேகம், கோடிக்கணக்கில் விலை என்று சொல்வார்கள். மொபைல் விளையாட்டுகளில் அந்தக் காரை ஓட்டாத பையன் இல்லை. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் 1947-லேயே மறைந்துவிட்டார். மறையும்போது அவர் கோடீஸ்வரராக இல்லை. அவர் செய்ததிலேயே மிகப் பெரிய கார் வாங்க ஆளில்லாமல் கிடந்த சரக்கு. அந்தச் சரக்கு எப்படிப் பொக்கிஷமானது என்பதில்தான் பழைய பொருளைப் பழுது பார்ப்பதைப் பற்றிய ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

எத்தோரே புகாட்டி 1881 செப்டம்பர் 15 அன்று இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். அப்பா கார்லோ புகாட்டி பெயர்பெற்ற மரச்சாமான் வடிவமைப்பாளர். தம்பி ரெம்பிராண்ட் விலங்குகளை வெண்கலத்தில் வடிக்கும் சிற்பி. எத்தோரேயின் மனம் மட்டும் இயந்திரத்தில் போய் நின்றது. மிலானில் சைக்கிளும் மோட்டார் முச்சக்கர வண்டியும் செய்யும் தொழிற்சாலையில் சிறு வயதிலேயே வேலை கற்கச் சேர்ந்தார். 1901-இல் மிலான் கண்காட்சியில் அவர் வடிவமைத்த காருக்குப் பரிசு கிடைத்தது. அதைப் பார்த்த டி டீட்ரிச் நிறுவனம் அடுத்த ஆண்டு அவரை வேலைக்கு அழைத்தது. ஆனால் அவருக்கு இன்னும் 21 வயது நிரம்பவில்லை. மைனர் கணக்குக்குக் கார்டியன் கையெழுத்து வாங்குவதைப் போல, அந்த ஒப்பந்தத்தில் அப்பாதான் கையெழுத்துப் போட்டார்.

சில ஆண்டுகள் பிறருக்கு வடிவமைத்துக் கொடுத்தார். ஜெர்மனியின் கொலோன் நகரில் வேலை பார்த்தபோது, தன் வீட்டு நிலவறையிலேயே ஒரு சிறிய காரைச் சொந்தமாகச் செய்தார். அந்தக் காரின் நம்பிக்கையில் 1909-இல் அல்சாஸ் பகுதியில் உள்ள மோல்ஷைம் என்ற ஊருக்கு வந்து, மூடிக் கிடந்த ஒரு சாயப் பட்டறையில் தொழில் தொடங்கினார். ஸ்பானிய வங்கியாளர் டி விஸ்காயா அவருக்குத் துணை நின்றார். அடமானம் வைக்கப் பெரிய சொத்து இல்லாத இளைஞரின் திறமையைப் பார்த்துக் கை கொடுத்த அந்த வங்கியாளரை, வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இங்கே குறிப்பிடாமல் போக எனக்கு மனமில்லை.

அன்று அல்சாஸ் ஜெர்மனியில் இருந்தது. 1914-இல் முதல் உலகப் போர் வெடித்ததும், தயாராகிக்கொண்டிருந்த பந்தயக் கார்களில் சிலவற்றை மண்ணுக்குள் புதைத்துவிட்டுக் குடும்பத்தோடு வெளியேறினார். போர் முடிந்தபோது மோல்ஷைம் பிரான்சுக்குப் போய்விட்டது. அவர் திரும்பி வந்து புதைத்தவற்றைத் தோண்டி எடுத்தார். 1921-இல் இத்தாலியின் பிரெஷா நகரில் நடந்த பந்தயத்தில் முதல் நான்கு இடங்களும் புகாட்டிக்கே கிடைத்தன. அந்த ஊர்ப் பெயரே அந்த மாடலுக்கு நிலைத்துவிட்டது. 1924-இல் வந்த டைப் 35 அதையும் மிஞ்சியது. சிசிலித் தீவின் மலைப் பாதையில் நடக்கும் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை 1925 முதல் 1929 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது புகாட்டி.

இதற்கு நடுவே ஒரு பெரிய துயரம். 1916 ஜனவரியில் தம்பி ரெம்பிராண்ட் 31 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பத்து ஆண்டுகள் கழித்து எத்தோரே தன் வாழ்வின் மிகப் பெரிய காரைத் தொடங்கியபோது, தம்பி செய்த யானைச் சிற்பம் ஒன்றை எடுத்து, பின்னங்கால்களில் நின்று துதிக்கை தூக்கும் அந்த யானையையே காரின் முகப்பில் வைத்தார்.

அந்தக் காரின் பெயர் ராயல், மாடல் எண் டைப் 41. நீளம் ஏறத்தாழ 6.4 மீட்டர். நம் பார்க்கிங்கில் கோடு போட்ட 5 மீட்டர் இடத்தில் நிறுத்தினால் ஏறத்தாழ 1.4 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எடை மூன்று டன்னுக்கு மேல். எட்டு சிலிண்டர் எஞ்சினின் கொள்ளளவு 12,763 சிசி. மாருதி 800-இன் எஞ்சின் 796 சிசி. கூட்டிப் பார்த்தால் பதினாறு மாருதி எஞ்சின்கள் சேர்ந்தால்தான் ஒரு ராயல்!

அரசர்களுக்காக 25 கார்கள் செய்வதாகத் திட்டம். ஆனால் 1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது, உலகம் முழுவதும் வியாபாரம் படுத்தது. எந்த அரசரும் வாங்கவில்லை. கடைசியில் செய்தது ஆறு, விற்றது மூன்று. ஒன்றை வாங்கியவர் ஆர்மான் எஸ்டெர் என்ற பிரெஞ்சு ஆடை வியாபாரி. இரவில் ஓட்டப்போவதில்லை என்பதால் முன்விளக்கே இல்லாமல் வாங்கினார். இன்னொன்று ஜெர்மனியின் டாக்டர் யோசப் ஃபூக்ஸுக்குப் போனது. மூன்றாவது இங்கிலாந்தின் கேப்டன் ஃபாஸ்டருக்கு.

நம் கணக்குப் புத்தகத்தில் இதை டெட் ஸ்டாக் என்று எழுதி நஷ்டத்தில் தள்ளியிருப்போம். எத்தோரே அப்படித் தள்ளவில்லை. அந்தப் பெரிய எஞ்சினை ரயிலுக்குத் திருப்பினார். 1933 முதல், இரண்டோ நான்கோ ராயல் எஞ்சின்கள் பொருத்திய விரைவு ரயில் பெட்டிகள் பிரான்சில் ஓடின. காரில் போட்ட முதலைத் தண்டவாளத்தில் மீட்டார்.

ஆனால் அதன் பிறகு அவர் வாழ்க்கையில் நல்ல செய்திகள் குறைவு. 1936-இல் தொழிலாளர் வேலைநிறுத்தம். தன் ஆட்களைக் குடும்பமாக நினைத்திருந்த அவர் மனம் நொந்து பாரிசுக்குப் போய்விட்டார். மூத்த மகன் ழான் தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்டார். 1939 ஆகஸ்ட் 11 அன்று, லெ மான் பந்தயத்தில் வென்ற காரை மோல்ஷைம் அருகே சோதித்து ஓட்டியபோது, சாலையில் குறுக்கே வந்த சைக்கிள்காரர் மீது மோதாமல் திருப்பப் போய் ழான் மரத்தில் மோதி இறந்தார். அவருக்கு 30 வயது. அடுத்த மாதமே இரண்டாம் உலகப் போர். ஜெர்மானியர் தொழிற்சாலையைப் பிடித்துக்கொண்டார்கள். போருக்குப் பின் பிரெஞ்சு அரசு அதை முடக்கியது. வழக்காடி, 1947-இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. ஆனால் அதை அனுபவிக்க அவர் இல்லை. 1947 ஆகஸ்ட் 21 அன்று பாரிசில் காலமானார்.

அவர் போன பிறகும் அந்த ஆறு கார்களின் கதை முடியவில்லை. ஆறும் ஆறு விதமாகப் பிழைத்தன.

விற்காத மூன்றையும் போர்க் காலத்தில் எர்மனோன்வில் என்ற ஊரில் இருந்த குடும்ப வீட்டில் சுவர் எழுப்பி மறைத்து வைத்தார்கள். ஜெர்மானியர் கண்ணில் அவை படவே இல்லை. அவற்றில் இரண்டை எத்தோரேயின் மகள் 1950-இல் அமெரிக்கப் பந்தய வீரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாமுக்கு விற்றார். விலை கொஞ்சம் பிராங்க் ரொக்கம், அதோடு இரண்டு புது ஃபிரிட்ஜ்கள். போருக்குப் பிந்தைய பிரான்சில் ஃபிரிட்ஜ் கிடைப்பதே அரிது. அந்த இரண்டில் ஒன்று 1987-இல் லண்டன் ஏலத்தில் 55 லட்சம் பவுண்டுக்குப் போனது.

டாக்டர் ஃபூக்ஸின் கார்தான் நம் விஷயத்துக்கு முக்கியம். ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய அவர், ஷாங்காய் வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தார். காரும் கூடவே போனது. அங்கே ஒரு குளிர்காலத்தில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்துவிட்டது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். வார்ப்பிரும்பு அதற்கு வளைந்து கொடுக்காது. எஞ்சின் பிளாக் வெடித்துவிட்டது. ராயலில் பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. நம் மெக்கானிக் செய்வதுபோல ஹெட்டை மட்டும் கழற்றிப் பார்க்க முடியாது. வால்வைத் தொடவேண்டும் என்றாலே எஞ்சினை முழுக்கப் பிரிக்கவேண்டும். சரிசெய்ய வழி தெரியாமல் கார் பழைய இரும்புக் கடைக்குப் போனது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் சார்லஸ் சேய்ன் அதை அங்கே கண்டுபிடித்து 400 டாலருக்கு வாங்கினார். பல ஆண்டுகள் உழைத்து, 10,000 டாலருக்கு மேல் செலவழித்து, மறுபடி ஓட வைத்தார். வாங்கிய விலையைப் போல 25 மடங்கு! ஆனால் அவர் பழுது பார்த்ததோடு நிற்கவில்லை. ஒரே கார்புரேட்டர் இருந்த இடத்தில் நான்கு வைத்தார். கம்பியில் இயங்கிய பிரேக்கை எண்ணெய் அழுத்த பிரேக்காக மாற்றினார். கறுப்பும் மஞ்சளுமாக இருந்த காருக்கு வெள்ளையும் பச்சையும் பூசினார். பிறகு அதை ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். இன்றும் அங்கே வெள்ளையாகத்தான் நிற்கிறது.

சேய்ன் செய்தது சரியா, தவறா? பழைய கார் பிரியர்கள் இதைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அவர் கை வைக்காமல் விட்டிருந்தால் அந்தக் கார் உருக்குலைக்குப் போயிருக்கும். அதே சமயம், அவர் மாற்றியதெல்லாம் எத்தோரே செய்ததல்ல. என் வழியில் இப்படிப் புரிந்துகொள்கிறேன். வங்கியில் அசல், வட்டி என்று இரண்டு உண்டு. எத்தோரேயின் கையால் வந்த சட்டமும் எஞ்சினும் அசல். பிற்காலத்தில் ஒருவர் சேர்த்த வசதி வட்டி. வட்டி ஏறலாம், இறங்கலாம். அசலில் கை வைத்தால் கணக்கே மாறிவிடும். சேய்ன் கழற்றியது திரும்பப் பூட்டக்கூடிய பாகங்களை. பெயிண்டை மறுபடி பூசலாம். அசலை அவர் காப்பாற்றினார் என்றுதான் நான் சொல்வேன்.

எஸ்டெர் வாங்கிய காரின் சிக்கல் வேறு. அதன் திறந்த உடலைப் பின்னால் வந்த உரிமையாளர் எடுத்துவிட்டு, மூடிய உடலைக் கட்டச் செய்தார். அந்த இரண்டாவது உடலும் இப்போது 80 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. பழையபடி ஆக்கவேண்டும் என்றால் ஒரு வரலாற்றை அழித்துத்தான் இன்னொரு வரலாற்றைக் கொண்டுவர முடியும். அதனால் அந்தக் காரைத் தொடாமல், பிரான்சின் முல்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்காக முதல் உடலின் நகல் ஒன்றைத் தனியாகச் செய்தார்கள். நகல் என்று சொல்லியே வைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போனவர்களும் உண்டு. சுங்க வரி கட்டாததால் 1930-களில் சுவிட்சர்லாந்தின் மஜ்ஜோரே ஏரியில் இறக்கப்பட்ட ஒரு பிரெஷா காரை 2009-இல் வெளியே எடுத்தார்கள். ஒரு பக்கம் முழுக்கத் துரு தின்றிருந்தது. ஏலத்தில் 2,60,000 யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கிய அமெரிக்க அருங்காட்சியகம் அதைப் பழுது பார்க்கவே இல்லை. துருவோடு அப்படியே காட்சிக்கு வைத்தது. சில நேரம் கை வைக்காமல் விடுவதுதான் சரியான வேலை.

நம் நாட்டிலும் இதற்கு இப்போது விதி இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, அசல் வடிவம் மாறாத, பெரிய மாற்றம் செய்யாத கார்களையும் இருசக்கர வாகனங்களையும் விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்தக் கூடாது.

நம் வீடுகளில் ராயல் இல்லைதான். ஆனால் தாத்தாவின் லாம்ப்ரெட்டா, அப்பாவின் பத்மினி, அம்பாசடர் என்று கவர் போட்டு நிற்கும் வண்டிகள் உண்டு. காயலான் கடைக்குப் போன் செய்வதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். ஆர்சி புத்தகம் இருக்கிறதா, அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மெக்கானிக் கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறியாமல், பெயர் எழுதி ஒரு பையில் போட்டு வையுங்கள். எதை மாற்றினாலும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து, மாற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தோரே அரசர்களுக்காகச் செய்த அந்தக் கார்களை எந்த அரசரும் காப்பாற்றவில்லை. சுவர் எழுப்பிய குடும்பத்தாரும், இரும்புக் கடையில் நின்று பார்த்த ஒரு பொறியாளரும்தான் காப்பாற்றினார்கள். செய்த ஆறும் இன்றைக்கும் ஆறாகவே இருக்கின்றன. 1985-இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் ஆறையும் ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். மோல்ஷைமில் அவை பிறந்த காலத்தில்கூட ஆறும் ஒன்றாக நின்றதில்லை.