நத்தைக்குள் ஒளிந்திருந்த புழு... இந்தியாவுக்கே பயம் காட்டிய நோய்! யார் இந்த சீமூர் செவெல்?

ஊரூர் ஒல்காட் குப்பம் பக்கம், அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் உப்புத்தண்ணி நத்தைகள்தான் இருக்கும். ஆனா குளம், வயல், வாய்க்கால்னு நல்ல தண்ணி தேங்குற இடங்களில் தட்டையா சுருண்ட நத்தை ஒண்ணு கிடைக்கும். நூறு வருஷத்துக்கு முன்னாடி ராணுவ டாக்டர் ஒருவர் இப்படிப்பட்ட நன்னீர் நத்தைகளைத்தான் உடைச்சு உடைச்சுப் பார்த்தார்.

ராபர்ட் பெரஸ்போர்ட் சீமூர் செவெல், 1880-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1908-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் வைத்தியமும் பார்க்கணும், கடல் உயிரினங்களையும் ஆராயணும். இரண்டில் எது அவருக்குப் பிடிச்சதுன்னு அவருடைய மீதி வாழ்க்கையே சொல்லும்.

முதல் உலகப் போர் முடிந்ததும் ஒரு பயம் கிளம்பியது. எகிப்து, மெசபடோமியா பக்கம் போன சிப்பாய்கள் 'பில்ஹார்சியா' நோயோட ஊர் திரும்பினால்? சிறுநீரில் ரத்தம் போக வைக்கும் புழு நோய் இது.

எப்படிப் பரவும்?

நோயாளியின் சிறுநீரில் புழுவின் முட்டை இருக்கும். அது தண்ணியில் பொரிச்சு, குஞ்சு நத்தைக்குள் நுழையும். உள்ளேயே பல மடங்கு பெருகி, வால் முளைச்ச நுண்புழுக்களா வெளியே வரும். தண்ணியில் இறங்குறவங்க தோலைத் துளைச்சு உடம்புக்குள் போயிடும். இதில் நத்தையின் பங்கை 1915-ல் எகிப்தில் நிரூபித்தவர் லெய்ப்பர்.

அப்போ, சரியான நத்தை இல்லேன்னா நோய் பரவாது. இந்தியாவில் அந்த நத்தை இருக்கா? அதுதான் கேள்வி.

நம்ம நத்தைகளில் இருந்த நுண்புழுக்களை செவெல் ஒவ்வொன்றாக வரைந்து விவரித்தார். வளர்ந்த புழு எதுன்னு தெரியாததால் பெயருக்குப் பதிலா எண் கொடுத்தார். 1922-ல் 'செர்கேரியே இண்டிகே' என்ற பெயரில் அது வெளியானது. இந்தத் துறையில் இன்னைக்கும் பேசப்படுற வேலை அது.

பயந்த அளவுக்கு இங்கே மனுஷங்களிடம் பில்ஹார்சியா பரவல. 1952-ல் மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டம், கிம்வி கிராமத்தில் மட்டும் பாதிப்பு தெரிய வந்தது. மாடுகள் கதை வேற. மூக்கு அடைச்சு குறட்டை விட வைக்கும் புழுவை 1933-ல் விவரித்தவர், சென்னையில் பணியாற்றிய அனந்த நாராயண ராவ். அதைச் சுமப்பது அந்தத் தட்டை நத்தையேதான்.

செவெல் 1925 முதல் 1933 வரை இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநர். மொகஞ்சதாரோ எலும்புகளைக்கூட ஆராய்ந்தார். 1933-34-ல் இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்துக்குத் தலைமை தாங்கியவர், 1964-ல் காலமானார்.

தட்டை நத்தை இன்னும் நம்ம குளங்களில் இருக்கு. அதிலிருந்து வரும் கால்நடைப் புழுக்கள் மனுஷ உடம்பில் வளராது. ஆனா தோலில் நுழையப் பார்க்கும். வயலில் இறங்குறவங்களுக்கு அரிப்பு வர இதுவும் ஒரு காரணம்.