தொட்டிச் செடி ஏன் சாய்கிறது?

மலைக்கோயில் பக்கம் பார்த்த பால்கனி உள்ளவர்கள் உங்கள் தொட்டிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். துளசியோ ரோஜாவோ, கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்தபடி சாய்ந்திருக்கும். திருப்பி வைத்தாலும் சில நாளில் மறுபடி வெளியே பார்க்கும். இது ஏன் என்று விடாமல் துருவியவர், குரங்கு–மனிதன் பேச்சில் நாம் இழுக்கும் அதே சார்லஸ் டார்வின்.

1809-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கப்பல் பயணம், பரிணாமக் கொள்கை எல்லாம் பள்ளியில் படித்ததுதான், அதை விடுங்கள். 1842 முதல் கடைசிவரை டவுன் என்ற கிராமத்து வீட்டில்தான் வாழ்ந்தார். ஓயாத வயிற்று உபாதை. ஆராய்ச்சியெல்லாம் வீட்டிலேயே.

1876-இல் மகன் பிரான்சிஸின் மனைவி, பிள்ளை பெற்ற சில நாளில் இறந்துபோனார். கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்த மகன், அப்பாவுக்கு ஏற்கெனவே உதவியாளராக இருந்தவர். இருவருமாகத்தான் இந்தச் சோதனைகளைச் செய்தார்கள்.

கூண்டுப் பறவைகளுக்குப் போடும் ஒருவகைப் புல்விதையை முளைக்க வைத்து, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் காட்டினார்கள். முளை அந்தப் பக்கம் வளைந்தது. நுனிக்கு மட்டும் ஒளி புகாத குல்லாய் போட்டால் வளையவில்லை. அடிப்பகுதியை மறைத்தாலோ, வளைந்தது! வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே. ஆக, நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே இறங்குகிறது என்று 1880-இல் புத்தகம் போட்டார்கள்.

ஜெர்மனியின் பெரிய தாவரவியல் பேராசிரியர் சாக்ஸ் இதை ஏற்கவில்லை. இத்தனைக்கும் பிரான்சிஸ் அவருடைய ஆய்வகத்தில் வேலை பழகியவர். அந்த 'ஏதோ ஒன்று' என்னவென்று தெரியாமலே 1882-இல் டார்வின் காலமானார்.

1926-இல் ஹாலந்தில் பிரிட்ஸ் வென்ட் என்ற இளைஞர் ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி, அகர்அகர் துண்டின் மேல் சிறிது நேரம் வைத்தார். பிறகு நுனியை எடுத்துவிட்டு, அந்தத் துண்டை மட்டும் நுனி வெட்டிய முளையின் ஒரு ஓரத்தில் வைத்தார். இருட்டிலேயே முளை வளைந்தது. நுனியிலிருந்து துண்டுக்குள் இறங்கியிருந்த அந்தப் பொருளுக்குத்தான் பிறகு ஆக்சின் என்று பெயர் வைத்தார்கள். வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன். இது நிழல் பக்கம் அதிகம் சேரும், அந்தப் பக்கத்துச் செல்கள் நீளும், செடி வெளிச்சம் பக்கம் சாயும்.

பக்கக் கிளைகளை அடக்கி வைப்பதிலும் நுனியில் சுரக்கும் ஆக்சினுக்குப் பங்கு உண்டு. உங்கள் துளசி ஒற்றைக் குச்சியாக நெட்டையாகப் போகிறதா? நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கத்தில் கிளைக்கும். ரோஜாக் குச்சி வேர் பிடிக்க நர்சரியில் விற்கும் பவுடரும் பெரும்பாலும் ஆக்சின் வகைதான். சாயும் தொட்டியை மட்டும் வாரம் ஒருமுறை கால் சுற்று திருப்பி வையுங்கள்.