உலோகத்தின் உருவம் கண்ட ஆல்பிரட் வெர்னர்

நம் குருதிக்குச் செந்நிறம் தருவது எது? நடுவே ஓர் இரும்பு அணு நிற்க, பிற அணுக்கள் அதைச் சூழ்ந்து அமைந்த கூட்டமைப்பே. வைட்டமின் பி12-இன் நடுவிலோ கோபால்ட் வீற்றிருக்கிறது. இத்தகைய அணைவுச் சேர்மங்களின் வடிவத்தை உலகுக்கு உணர்த்திய அறிஞர் ஆல்பிரட் வெர்னர். அவர்தம் வாழ்வைச் சிறிது காண்போம்.

1866 டிசம்பர் 12-ஆம் நாள், அல்சேஸ் பகுதியிலுள்ள முலூஸ் நகரில் ஓர் எளிய தொழிலாளர் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே வீட்டுக் கொட்டிலில் சிறு ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். பின்னர் சூரிச் நகரில் பயின்று 1890-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

கோபால்ட் உப்புடன் அம்மோனியா சேரும்போது மஞ்சள், ஊதா, பச்சை எனப் பல நிறச் சேர்மங்கள் கிடைத்தன. காரணம் தெளிவாக விளங்கவில்லை. அம்மோனியா சங்கிலிபோல் கோக்கப்பட்டுள்ளது என்றார் டென்மார்க்கு அறிஞர் ஜோர்கென்சன். 1892-இல் ஓர் இரவு இரண்டு மணிக்குத் துயில் கலைந்த வெர்னருக்கு விடை தோன்றியது. அன்று மாலை ஐந்து மணிவரை எழுதினார். உலோகத்தைச் சுற்றி எண்முகியின் ஆறு முனைகளிலும் துணைகள் நிற்கின்றன என்பதே அவர் கண்ட உண்மை. 1893-இல் அது வெளியானபோது அவருக்கு வயது 26. தாமே செய்த சோதனைச் சான்று ஒன்றும் கையில் இல்லை!

ஏளனத்துக்கு அஞ்சாமல் சான்று தேடி உழைத்தார். அவரது ஆய்வுக்கூடத்தில் பெண்களும் இடம்பெற்றனர். இங்கிலாந்திலிருந்து வந்த எடித் ஹம்ஃப்ரி 1901-இல் அங்கே முனைவரானார். கொள்கை முன்னரே கூறிய ஊதா நிறச் சேர்மத்தை 1907-இல் வெர்னர் ஆக்கிக் காட்டினார். ஜோர்கென்சனும் பெருந்தன்மையோடு தம் கருத்தைக் கைவிட்டார். 1911-இல் இன்னும் உறுதியான சான்று கிட்டியது. 1913-இல் நோபல் பரிசு வந்தது. ஆயினும் நோயுற்று, 1919-இல் தம் 52-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் விதைத்த வித்து பின்னர் உயிர் காத்தது. 1845-இல் பெய்ரோன் ஆக்கிய பிளாட்டினச் சேர்மம் ஒன்றின் வடிவத்தை 1893-இலேயே வெர்னர் விளக்கியிருந்தார். அத்தகைய பிளாட்டினச் சேர்மங்கள் பாக்டீரியா பிளவுபடுவதைத் தடுப்பதை 1965-இல் ரோசன்பர்க் வெளியிட்டார். 1978-இல் அச்சேர்மம் சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்தாக அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அதே அணுக்கள் எதிரெதிராக இடம் மாறி நின்றாலோ அது மருந்தாகப் பயன்படுவதில்லை. வடிவத்தின் அருமை இதனால் விளங்கும்.

அன்பு மாணவியரே, தோன்றிய எண்ணம் ஒரு நாளில் எழுதப்பட்டது. அதை மெய்ப்பிக்கவோ பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அந்தப் பொறுமையை நாமும் கற்போமாக!