இடக்கை வீரர் காரோலி தகாச்

ஒரு தாளை எடுத்து, வழக்கமாக எழுதாத கையால் உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். கோழி கிளறியது போல இருக்கிறதா? எழுதுவதற்கே இந்தப் பாடு என்றால், அந்தக் கையில் துப்பாக்கியைப் பிடித்து, நான்கு நொடிக்குள் ஐந்து இலக்குகளைச் சுட முடியுமா?

ஹங்கேரி நாட்டு வீரர் காரோலி தகாச் சுட்டார்.

இவர் 1910-ல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். ராணுவத்தில் சேர்ந்து சார்ஜென்ட் ஆனார். கைத்துப்பாக்கி சுடுவதில் நாட்டின் சிறந்த வீரர்களில் ஒருவர். ஆனாலும் 1936 பெர்லின் ஒலிம்பிக்கிற்கு இவரை அனுப்பவில்லை. அதிகாரிகள் மட்டுமே போகலாம் என்று ஒரு விதி! குறி பார்ப்பதற்கும் பதவிக்கும் என்ன சம்பந்தமோ, தெரியவில்லை. பெர்லின் போட்டிக்குப் பிறகு அந்த விதியை நீக்கினார்கள். தகாச் 1940 ஒலிம்பிக்கை எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

1938-ல் ராணுவப் பயிற்சியின்போது பழுதான கையெறி குண்டு ஒன்று அவரது வலது கையிலேயே வெடித்துவிட்டது. சுடும் கை போயிற்று. ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்தார். வெளியே வந்தவர், யாரிடமும் சொல்லாமல் இடது கையால் பயிற்சியைத் தொடங்கினார்.

அது எவ்வளவு கடினம் தெரியுமா? இரண்டு கண்களையும் திறந்து வைத்து, கையை நீட்டி, தூரத்தில் உள்ள ஒரு பொருளைக் கட்டை விரலால் மறையுங்கள். இப்போது கண்களை மாற்றி மாற்றி மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் இடம் மாறாமல் தெரிகிறதோ, அதுதான் உங்கள் குறி பார்க்கும் கண். வலக்கைக்காரர் பலருக்கு அது வலது கண்தான். கை மாறினால், கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

அடுத்து விரல். விசையை வெடுக்கென்று இழுத்தால் துப்பாக்கி முனை ஆடிவிடும். மெதுவாக, நேர் பின்னால் அழுத்த வேண்டும். பல ஆண்டுகளாக வலது விரல் படித்த பாடத்தை, இடது விரல் அரிச்சுவடியிலிருந்து படிக்க வேண்டும். பாதுகாப்புப் பழக்கங்களும் அப்படியே. துப்பாக்கி முனை எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். சுடும் நொடி வரை விரல் விசையைத் தொடக் கூடாது. உள்ளே குண்டு இல்லை என்றாலும் இருப்பதாகவே நினைக்க வேண்டும். (தீபாவளித் துப்பாக்கியைக்கூட ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள்!)

1939-ல் ஹங்கேரி தேசியப் போட்டிக்கு தகாச் வந்தபோது, வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்றே மற்ற வீரர்கள் நினைத்தார்கள். அவரோ இடது கையால் சுட்டு முதலிடம் பெற்றார்!

அதன்பின் உலகப் போர் மூண்டது. 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடக்கவே இல்லை. 1948-ல் லண்டன் போனபோது அவருக்கு 38 வயது. அவருடைய போட்டியில் 25 மீட்டர் தொலைவில் ஐந்து இலக்குகள் இருக்கும். ஐந்தையும் முதலில் 8 நொடியில், பிறகு 6 நொடியில், கடைசியாக 4 நொடியில் சுட வேண்டும். மொத்தம் 60 குண்டுகள், 600 புள்ளிகள். அர்ஜென்டினாவைச் சேர்ந்த உலக சாம்பியன் டியாஸ் 571 புள்ளிகள் பெற்றார். தகாச் பெற்றது 580. தங்கப் பதக்கமும் புதிய உலக சாதனையும் அவருக்கே!

1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கடும் போட்டி. தகாச்சிடம் பயிற்சி பெற்ற சிலார்டு குன் என்ற இளைஞர் 578 புள்ளிகள் எடுத்தார். குருவுக்கு 579. ஒரே ஒரு புள்ளியில் மீண்டும் தங்கம்!

46-வது வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் சுட்டு, எட்டாவது இடம் பிடித்தார். ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல் பதவி வரை உயர்ந்த அந்த முன்னாள் சார்ஜென்ட், 1976 ஜனவரியில் காலமானார்.