படைவீரர் இமானுவேல் சேகரனார்

சோழபுரத்திலும் அதனைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களிலும் மேனிலைக் கல்வியை முடித்த நம் இளைஞர் பலர் ஆண்டுதோறும் ஒரு வினாவோடு நிற்கின்றனர். நேரே காவலர் தேர்வை எழுதுவதா, அன்றி முதலில் இராணுவத்தில் சேர்ந்து சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுப் பின்னர்க் காவல்துறைக்கு வருவதா என்பதே அவ்வினா. பெற்றோரும் இதனையே கேட்கின்றனர். விளம்பரத்தாளில் உள்ள விதிகளைப் படித்துக் காட்டுவதால் மட்டும் இதற்கு விடை கிடைத்துவிடாது. சீருடை அணிந்து, பின்னர் அதனைக் கழற்றிவிட்டு ஊர் திரும்பிய ஒருவரின் வாழ்க்கையை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். அவர் நமக்கு அயலார் அல்லர். இன்று விருதுநகர் மாவட்டத்தில் அடங்கிய நம் பகுதியும் அவர் பிறந்த முதுகுளத்தூர்ச் சீமையும் 1985ஆம் ஆண்டுவரை ஒரே இராமநாதபுரம் மாவட்டமாக இருந்தவை. அவரே தியாகி இமானுவேல் சேகரனார்.

அன்னார் 1924ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9ஆம் நாள் முதுகுளத்தூரை அடுத்த செல்லூரில் பிறந்தார். தந்தையார் வேதநாயகம் ஓர் ஆசிரியர். வறண்ட மண், கண்மாய் நிறைந்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்னும் வாழ்க்கை. அத்தகைய ஊரில், தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றில், அக்காலத்தில் தந்தை ஆசிரியராக இருந்தார் என்பது சிறிய செய்தியன்று. ஆசிரியர் தொழிலில் இருக்கும் நாம் இதனைச் சற்றுப் பெருமையோடு குறிப்பிட்டால் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக. எழுத்தறிவும் மக்கள் பணியும் அவருக்கு வீட்டிலேயே கிடைத்தன.

1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கம் நாடெங்கும் மூண்டெழுந்தது. சேகரனாருக்கு அப்போது அகவை பதினெட்டு. இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறையும் சென்றார். அவ்வாறு சிறை சென்றவரே 1945ஆம் ஆண்டில் இந்தியப் படையில் சேர்ந்தார் என்பதைப் படிக்கும்போது இளைஞர்களுக்கு வியப்புத் தோன்றலாம். தம்மைச் சிறையிலடைத்த அரசின் படையிலேயே மூன்றாண்டுகளுக்குள் அவர் சேர்ந்தது முரண்பாடு அன்றோ என்று வினவுவோரும் உளர். இதற்கு விடை காண வேண்டுமாயின், படைக்கும் நம் மக்களுக்கும் உள்ள பழைய தொடர்பை அறிதல் வேண்டும்.

கிழக்கிந்தியக் கும்பெனியாரின் சென்னைப் படையில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் மிகுதியாகப் பணிபுரிந்தனர். பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், அரண் தகர்த்தல் ஆகிய பணிகளைச் செய்த பயனியர் படை 1780ஆம் ஆண்டில் தோன்றியது. பின்னாளில் சாப்பர் என்று பெயர் பெற்ற அப்படையில் நம்மவர் நெடுங்காலம் நிலைத்திருந்தனர். ஆயினும் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், சிறப்பாக நூற்றாண்டின் இறுதியில், வெள்ளைத் தளபதிகள் சில இனங்களே போர்க்குணம் உடையவை என்றொரு கொள்கையை வகுத்துக்கொண்டனர். வடக்கிலுள்ள சில வகுப்பாருக்கே படையின் கதவு அகலத் திறந்தது. தென்னாட்டாருக்கு அது சிறிது சிறிதாகச் சாத்தப்பட்டது. மராட்டியத்து மகர் மக்களைப் படையில் சேர்ப்பது 1890களில் நிறுத்தப்பட்டது. சென்னைக் காலாட்படையே 1928ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது.

அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார் பதவி வகித்தவர். படையினர் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். அண்ணல் பிறந்ததே மாவ் என்னும் படைமுகாம் நகரில்தான். படைவீரர் பிள்ளைகளுக்குக் கல்வி உண்டு என்னும் முறை இல்லாதிருந்தால் அக்குடும்பம் எந்நிலையில் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். படைவாயில் அடைபட்டபோது தாழ்த்தப்பட்டோர் இழந்தது கூலியை மட்டுமன்று. பள்ளியையும் ஓய்வூதியத்தையும் தலைநிமிர்ந்து நடக்கும் உரிமையையும் சேர்த்தே இழந்தனர். இரண்டாம் உலகப் போர் வந்து ஆட்கள் தேவைப்பட்டபோதுதான் கதவு மீண்டும் திறந்தது. 1941ஆம் ஆண்டில் மகர் படைப்பிரிவு உருவாயிற்று. அதற்காக அண்ணல் விடாது முயன்றார். சென்னைப் படைப்பிரிவும் போர்க்காலத்தில் மறுபடி எழுப்பப்பட்டது.

இப்பின்னணியில் நோக்கினால், 1942இல் சிறை சென்றவர் 1945இல் படைக்குச் சென்றதில் முரண்பாடு இல்லை என்றே நாம் கருதுகிறோம். அந்நிய ஆட்சி ஒரு விலங்கு. ஊரில் நிலவிய தீண்டாமை மற்றொரு விலங்கு. முன்னதன் ஆயுள் 1945இல் முடியும் தறுவாயில் இருந்தது. பின்னது எந்த உடன்படிக்கையாலும் முடிவதாக இல்லை. அதனோடு போரிடப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி அவருக்குப் படையில் வாய்த்தது.

சேகரனார் அவில்தார் பதவிக்கு உயர்ந்தார். அவில்தார் என்பவர் கையில் மூன்று பட்டை தரித்தவர். கீழுள்ள வீரர்களை நடத்திச் செல்பவர். படையில் பதவிக்கே வணக்கம். கட்டளை இடுபவன் எத்தெருவில் பிறந்தவன் என்று கேட்டுவிட்டுக் கீழ்ப்படிய ஒருவராலும் இயலாது. பல மொழி பேசுவோர் ஒரே கூடத்தில் உறங்கி, ஒரே அணியில் நின்று, ஒரே மணியோசைக்கு எழுந்தாக வேண்டும். படையிலும் சாதி முற்றாக ஒழிந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. வகுப்பு வாரியாகப் பிரிவுகள் அமைந்த படை அது. எனினும் செல்லூரின் தெருவிலிருந்து சென்ற ஓர் இளைஞருக்கு அங்குக் கிடைத்த மதிப்பு ஊரில் கனவிலும் கிட்டாதது. 1946ஆம் ஆண்டில் அமிர்தம் கிரேஸ் அம்மையாரை மணந்தார். பெண் மக்கள் நால்வர் பிறந்தனர்.

சில ஆண்டுப் பணிக்குப் பின்னர் அவர் ஊர் திரும்பினார். நாடு விடுதலை பெற்றிருந்தது. 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அறிவித்திருந்தது. ஆனால் முதுகுளத்தூர், பரமக்குடிப் பகுதிகளின் தேநீர்க் கடைகளில் நம்மவருக்குத் தனிக்குவளை தொங்கியது. ஊர்க்கிணறு இல்லை, தோளில் துண்டு இல்லை, கால்களில் செருப்பு இல்லை. எல்லைக் காவலுக்கு ஏற்றவர் என்று அரசு தேர்ந்தெடுத்த ஒருவர், தம் ஊர்க் கடையில் எல்லாரும் பருகும் குவளையைத் தொடக்கூடாது என்பது நிலை.

இந்த இடத்தில் இளைஞர்கள் சற்று நின்று சிந்திக்கவேண்டும். படையிலிருந்து திரும்பியோர் பலர் அந்நாளில் காவல்துறையிலும் பிற அரசு அலுவல்களிலும் சேர்ந்து, நகரங்களில் குடியேறி, அமைதியாக வாழ்ந்தனர். அவர்களை நாம் குறை கூறமாட்டோம். குடும்பத்தில் ஒருவன் மாதச் சம்பளம் பெற்றால் பின்னே வரும் தலைமுறை படிக்கும். சேகரனார் அவ்வழியை நாடவில்லை. தேவேந்திரகுல வேளாளர் சங்கத்தின் பணியில் முழுமூச்சுடன் இறங்கினார். இரட்டைக் குவளை முறையை எதிர்த்து மக்களைத் திரட்டினார். சிற்றூர் சிற்றூராகச் சென்றார். கூட்டம் கூட்டுதல், ஒழுங்குபடுத்துதல், அஞ்சிச் சிதறாது நிற்கச் செய்தல் ஆகியவற்றைப் படையில் கற்றவர் அவர். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955ஆம் ஆண்டில் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, அதனைக் கேட்டுப் பெறுவதற்கு அஞ்சாத ஆட்கள் வேண்டும் என்பதை அவர் பணி உணர்த்தியது. அரசியலில் அவர் காங்கிரசுப் பேரியக்கத்தைச் சார்ந்திருந்தார்.

1957ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பார்வர்டு பிளாக்குத் தலைவர் முத்துராமலிங்கத் தேவர் முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதியிலும் நம் திருவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் வெற்றி பெற்றார். சட்டமன்ற உறுப்பினர் பதவியை அவர் துறந்ததால் முதுகுளத்தூரில் இடைத்தேர்தல் வந்தது. அதனைத் தொடர்ந்து இரு வகுப்பாரிடையே பகைமை முற்றி, ஊர்கள் பல கலவரத்தில் சிக்கின. குடிசைகள் எரிந்தன. அமைதி காணும் பொருட்டு மாவட்ட ஆட்சியர் பணிக்கர் செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள் முதுகுளத்தூரில் அனைத்துத் தரப்புத் தலைவர்களையும் கூட்டினார். நம் மக்களின் சார்பில் அவ்வவையில் அமர்ந்தோருள் சேகரனாரும் ஒருவர். பெருந்தலைவர்கள் இருந்த அவையில், முப்பத்து மூன்று அகவையும் நிரம்பாத அவில்தார் ஒருவர் அவர்களுக்கு இணையாக இருந்து தம் மக்களுக்காகப் பேசினார்.

மறுநாள், செப்டம்பர் 11ஆம் நாள் இரவு, பரமக்குடியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அது பாரதியாரின் நினைவு நாளுமாகும்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகவே கூறுவோம். கலவரம் மேலும் பரவியது. செப்டம்பர் 14ஆம் நாள் கீழத்தூவலில் காவல்துறையினர் சுட்டதில் மறவர் குலத்தைச் சார்ந்த ஐவர் மாண்டனர். சேகரனார் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட முத்துராமலிங்கத் தேவரை நீதிமன்றம் 1959ஆம் ஆண்டில் விடுதலை செய்தது. இரு பக்கத்துத் தாய்மாரும் அழுதனர். பழம்பகையை வளர்ப்பதற்காக நாம் இதனை எழுதவில்லை. நம் பிள்ளைகளும் அவ்வாறு படித்தல் ஆகாது. ஆயினும் உண்மையை மறைத்து எழுதுவது ஆசிரியனுக்கு அழகன்று.

நடுவணரசு 2010ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலையை வெளியிட்டது. அடுத்த ஆண்டு, 2011 செப்டம்பர் 11ஆம் நாள், அவர் நினைவிடத்தில் அஞ்சலி செலுத்த மக்கள் திரண்டிருந்த பரமக்குடியில் காவல்துறையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். நம் மக்கள் உயிரிழந்தனர். காவல்துறையில் நம் பிள்ளைகள் இருக்கவேண்டுமா என்னும் வினாவுக்கு, அத்துறையை வெறுத்து ஒதுங்குவதே விடை என்று அதன்பின் சிலர் கூறினர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. புகார் மனுவோடு காவல் நிலையத்தின் வாயிலில் அஞ்சி நிற்கும் நம் தாய்மாருக்கு, உள்ளிருந்து அமரச் சொல்லும் ஒரு குரல் தேவைப்படுகிறது. சீருடைக்குள் நம்மவர் எத்துணைப் பேர் இருக்கின்றனர், எந்தப் பதவியில் இருக்கின்றனர் என்பது ஏழை மக்களின் உயிர் பற்றிய செய்தி.

முதலில் படையா, காவல்துறையா என்றால், உடல்வலிமையும் வீட்டார் இசைவும் உள்ளவர் முதலில் படைக்குச் செல்லலாம் என்பதே நம் கருத்து. தம் ஊரையே அறியாத இடத்தில் சில ஆண்டுகள் மதிப்போடு வாழ்ந்து பார்த்தவன், திரும்பி வந்து எவர்முன்னும் கைகட்டி நிற்கமாட்டான். ஆனால் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டில் தொடங்கிய அக்னிபாத் திட்டத்தின்படி சேர்பவருக்குப் பணி நான்கு ஆண்டுகளே. அவர்களுள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையே நிலையான பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். ஏனையோருக்குச் சேவாநிதி என்னும் தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்னும் தகுதியும் அத்திட்டத்தில் தரப்படவில்லை. ஆகவே பழைய படைவீரர்களுக்குக் காவலர் தேர்வில் கிடைத்துவந்த தனி ஒதுக்கீட்டை நம்பி இவர்கள் இருந்துவிடலாகாது.

ஆயினும் அஞ்ச வேண்டுவதில்லை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அண்மைக்கால அறிவிப்புகளில் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே கல்வித்தகுதி. பட்டியல் வகுப்பினருக்கு உச்ச வயது 31. ஆண்களுக்கு உயரம் 167 செ.மீ. பதினெட்டு வயதில் படைக்குச் சென்று இருபத்திரண்டில் திரும்புபவருக்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் கைவசம் உள்ளன. அதற்குள் அஞ்சல்வழியிலேனும் ஒரு பட்டம் பெற்றுவிட்டால் சார்பு ஆய்வாளர் தேர்வும் எழுதலாம்.

ஒன்றை மட்டும் பெற்றோர் இப்போதே செய்தல் வேண்டும். பள்ளிச் சான்றிதழிலும் ஆதார் அட்டையிலும் சாதிச் சான்றிலும் பெயரும் தந்தை பெயரும் பிறந்த நாளும் ஓரெழுத்தும் பிசகாது ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் வென்ற பிள்ளைகள் இந்த ஓரெழுத்தில் சிக்கித் திரும்பி வருவதுண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன்னர், தலைமையாசிரியரிடம் நேரில் சென்று திருத்திக்கொள்வது எளிது.